‘பிராக்டிகல்’ என்பதற்குக் கிரேக்கத்தில் எந்தச் சொல்?

ஆங்கிலத்திலிருந்து இன்றைய கிரேக்கத்துக்கு மொழிபெயர்க்க அமர்பவருக்கு, ‘பிராக்டிகல்’ என்ற சொல் சிரமம் தராத சொல்லாகவே முதலில் தோன்றும். அது கிரேக்கத்தில் பிறந்து, லத்தீன் வழியாகவும் பழைய பிரெஞ்சு வழியாகவும் ஆங்கிலத்தை அடைந்தது. அதன் தாய்ச்சொல்லான ‘பிரக்திக்கோஸ்’ இன்றும் ஏதென்ஸ் நகரத்துப் பேச்சில் நாள்தோறும் புழங்குகிறது. பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது இயல்பு. ஆனால் புகுந்த வீட்டில் சில நூற்றாண்டுகள் வாழ்ந்த சொல்லும், பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்ட அதன் உடன்பிறப்பும், வெவ்வேறு பொறுப்புகளை ஏற்று வெவ்வேறு மனிதர்களாகிவிட்டன. பிராக்டிகல், பிராக்மாடிக், பிராக்டிகபிள், ஃபீசிபிள், வயபிள், ஹேண்டி என்று ஆங்கிலம் அடுக்கும் சொற்களுக்கு எந்தக் கிரேக்கச் சொல்லைத் தேர்வது என்பதையே இக்கட்டுரை ஒப்பிட்டுப் பார்க்கிறது. கிரேக்கத்தின் தகர ஒலி நம் ‘த்’ போலப் பல்லில் பட்டு ஒலிப்பதால், கிரேக்கச் சொற்களை அவ்வாறே எழுதியிருக்கிறேன்.

வேரிலிருந்து தொடங்குவது நல்லது. ‘செய்தல்’ என்னும் பொருளுடைய பண்டைக் கிரேக்க வினையிலிருந்து இரண்டு பெயர்ச்சொற்கள் கிளைத்தன. ஒன்று ‘பிரக்ஸிஸ்’, அதாவது செய்கை. மற்றொன்று ‘பிரக்மா’, அதாவது செய்து முடிக்கப்பட்டது. அதிலிருந்து அலுவல், விவகாரம், பொருள் என்ற பொருள்கள் வளர்ந்தன. முதல் கிளையின் பெயரடை பிரக்திக்கோஸ். இரண்டாம் கிளையின் பெயரடை ‘பிரக்மத்திக்கோஸ்’. பிளேட்டோ அறிவுத்துறைகளைச் செய்கை சார்ந்தவை, அறிதல் மட்டுமே சார்ந்தவை என்று பிரித்தபோது முதல் வகைக்குப் பிரக்திக்கோஸ் என்ற சொல்லையே பயன்படுத்தினார். அரிஸ்டாட்டில் அதை மூன்றாக்கி, செய்கை சார்ந்த சிந்தனை, ஆக்கம் சார்ந்த சிந்தனை, காண்டல் சார்ந்த சிந்தனை என வகுத்தார். நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியஸ் கையில் அதே சொல், உணர்ச்சிகளை அடக்கி மனத்தைத் தூய்மையாக்கும் துறவுப் பயிற்சியைக் குறித்தது. பயனையும் வசதியையும் கணக்கிடும் இன்றைய ‘பிராக்டிகல்’ என்ற சொல்லோடு இந்தப் பழைய பொருள்களை வைத்துப் பார்த்தால், வேர் ஒன்றாயிருப்பது தேர்வுக்கு எவ்வளவு சிறிய துணை என்பது புரியும்.

இன்றைய கிரேக்கத்தில் பிரக்திக்கோஸ் எங்கெல்லாம் தயக்கமின்றிப் பொருந்தும் என்பதை முதலில் சொல்லிவிடலாம். ஒரு பையைப் பற்றி, ஒரு பரிசைப் பற்றி, சிக்கலுக்கு உடனே வழி காணும் ஒரு மனிதரைப் பற்றி ஆங்கிலம் பிராக்டிகல் என்றால், கிரேக்கத்திலும் அதே சொல்லை எழுதலாம். ஓட்டுநர் உரிமத்துக்கான செய்முறைத் தேர்வும், ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட்டின் செய்முறை அறிவு பற்றிய நூலின் தலைப்பும் இந்தச் சொல்லையே கொண்டுள்ளன. ‘ஏட்டளவில் சரி, நடைமுறையில் எப்படி?’ என்று கேட்கும் இடங்களில் பெயரடையை விட்டுவிட்டு, ‘ஸ்தின் பிரக்ஸி’, அதாவது ‘செய்கையில்’ என்ற தொடரைக் கையாள்வது கிரேக்கர்களின் இயல்பான வழக்கம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நாம் சொல்லும் இடமெல்லாம் அவர்களுக்கு இந்தத் தொடருக்குரிய இடம்.

இடறும் இடங்கள் இதற்குப் பிறகுதான் வருகின்றன. மருத்துவரைப் பற்றிப் பேசும்போது பிரக்திக்கோஸ் என்று அடைமொழி சேர்த்தால், பட்டம் பெறாமல் அனுபவத்தால் மட்டுமே மருத்துவம் பார்ப்பவர் என்று பொருளாகிவிடும். எலும்பு கட்டும் நாட்டு வைத்தியரை நாம் எப்படிச் சொல்வோமோ அப்படி. நோயாளிகளின் நிலையறிந்து சிகிச்சை தரும் ஒரு மருத்துவரை ஆங்கிலக் கட்டுரை ‘பிராக்டிகல்’ என்று பாராட்டியிருக்க, மொழிபெயர்ப்பாளர் அதை நேராக மாற்றினால், பாராட்டு அவதூறாக மாறும். பள்ளிக் கல்வியிலும் இப்படி ஒரு பழைய வழக்கு உண்டு: முந்தைய தலைமுறையின் கிரேக்கப் பள்ளிகளில் ‘பிரக்திக்கோ’ என்பது செம்மொழிப் பிரிவுக்கு எதிரான கணித, அறிவியல் பிரிவைக் குறித்தது. ஒருவர் தம் இளமையில் அந்தப் பிரிவில் படித்ததாகச் சொன்னால், அவர் தொழிற்பயிற்சி பெற்றார் என்று கொள்ளக் கூடாது.

இதனினும் பெரிய இடறல் பன்மை வடிவத்தில் இருக்கிறது. ‘த பிரக்திக்கா’ என்றால் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள். நாடாளுமன்றத்தில் பேசப்பட்டவை பதிவாவது அந்தப் பெயரில்தான். 1926இல் நிறுவப்பட்ட ஏதென்ஸ் அக்காதெமி வெளியிடும் ஆய்வுத் தொகுதிகளும் அந்தப் பெயரையே தாங்கியிருக்கின்றன. எனவே ‘பயணத்தின் பிராக்டிகலிட்டிகளைப் பிறகு பேசுவோம்’ என்ற ஆங்கில வாக்கியத்தில் உள்ள பன்மைச் சொல்லை அப்படியே பன்மையாக்கினால், ‘கூட்டக் குறிப்புகளைப் பிறகு பேசுவோம்’ என்றாகும். நடைமுறை ஏற்பாடுகள் என்ற பொருளுக்கு, ‘விவகாரங்கள்’ என்னும் பெயர்ச்சொல்லைச் சேர்த்துப் ‘பிரக்திக்கா ஸித்தீமத்தா’ என்று விரித்தெழுத வேண்டும். படிவம், கையெழுத்து, வரிசை போன்றவைதாம் பேச்சு என்றால் ‘தியதிகஸ்திக்கா’ என்ற சொல் இன்னும் நன்றாகப் பொருந்தும். அதே எழுத்துகளைக் கொண்ட வினையடை வேறொரு சிக்கலைத் தருகிறது. ஆங்கிலத்தில் ‘பிராக்டிகலி’ என்பது பெரும்பாலும் ‘ஏறத்தாழ’ என்று தேய்ந்துவிட்டது. கிரேக்கத்தின் ‘பிரக்திக்கா’ அடிப்படையில் ‘செயலளவில்’ என்றே பொருள்படும். ஆங்கிலத்தின் நிழலில் ‘ஏறத்தாழ’ என்ற பொருளிலும் அதைச் சிலர் இன்று பயன்படுத்துகிறார்கள். அரங்கம் ஏறத்தாழக் காலியாகிவிட்டது என்று சொல்ல ‘ஸ்ஹெதோன்’, அதாவது ‘கிட்டத்தட்ட’ என்று எழுதுவதே தெளிவு. பெயருக்குத்தான் இருக்கிறது, உண்மையில் இல்லை என்ற கருத்துக்கு ‘ஊசியஸ்திக்கா’, அதாவது ‘சாரத்தில்’, ஏற்றது.

இப்போது பிராக்மாடிக், அதாவது நடைமுறை நோக்குடைய. இந்தக் குழுவிலேயே மிக அதிகமான பிழைகளைத் தருவது இதுதான் என்பது என் கணிப்பு. கிரேக்கம் கற்கத் தொடங்கிய நாட்களில் நானும் இதைத் தவறாகவே எழுதினேன். ஒலியை நம்பிப் பிரக்மத்திக்கோஸ் என்று போட்டால், இன்றைய கிரேக்கர் அதை ‘உண்மையான’ என்றே படிப்பார். கணிதத்தின் மெய்யெண் பிரக்மத்திக்கோஸ். கணினியின் நிகழ்நேரம் பிரக்மத்திக்கோஸ். மெய்ம்மை என்பதற்கான பெயர்ச்சொல்லும் அதிலிருந்தே பிறந்தது. ‘பிராக்மாடிக் தலைவர்’ என்று எழுத விரும்பியவர் ‘உண்மையான தலைவர்’ என்று எழுதியிருப்பார். அந்த வாக்கியமும் இலக்கணப்படி சரியாக இருப்பதால், திருத்துபவரின் கண்ணிலிருந்தும் அது தப்பிவிடும். தவறு தெரியாமல் அச்சேறிவிடும் இத்தகைய பிழைகளுக்குத்தான் மொழிபெயர்ப்பாளர் அதிகம் அஞ்ச வேண்டும்.

இந்தச் சொல் இவ்வளவு தூரம் விலகியதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் பொலிபியஸ் தம் வரலாற்றைப் பிரக்மத்திக்கோஸ் என்று அழைத்தபோது, குல மரபுக் கதைகளையும் நகரத் தோற்றக் கதைகளையும் விலக்கி, அரசியல், போர் அலுவல்களைச் சொல்லும் வரலாறு என்று கருதினார். ரோமானியப் பேச்சாளர் சிசரோ, வழக்கில் பேசுவோருக்குச் சட்ட விவரங்களை எடுத்துக் கொடுத்துச் சிறு கூலி பெறும் கிரேக்க உதவியாளர்களை இதே சொல்லின் லத்தீன் வடிவத்தால் குறித்தார். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘பிராக்மாடிகல்’ என்பது, பிறர் காரியத்தில் மூக்கை நுழைப்பவர் என்ற வசைச்சொல்லாகவே வழங்கியது. ஏதென்ஸ் நகரத்தாரைப் பழித்தவர்கள் ‘பலவற்றில் தலையிடுபவர்’ என்ற பொருளில் இதே வேரிலிருந்து ஒரு சொல்லை முன்பே ஆக்கி வைத்திருந்தார்கள் என்பதும் இங்கே நினைக்கத் தக்கது. பிறகு அமெரிக்கச் சிந்தனையாளர்கள் வந்தார்கள். வில்லியம் ஜேம்ஸ் 1907இல் வெளியான தம் விரிவுரைகளில், ஒரு கருத்தை அதன் நடைமுறை விளைவுகளால் அளக்கும் தத்துவத்துக்குப் பிராக்மாடிசம் என்ற பெயரைப் பரவலாக்கினார். அந்தக் கருத்தை முதலில் வகுத்த சார்லஸ் பீர்ஸோ, தம் சொல் கண்டபடி பயன்படுவதைக் கண்டு வருந்தி, 1905இலேயே ‘பிராக்மாடிசிசம்’ என்று ஓர் அசை கூட்டித் தம் கோட்பாட்டுக்குத் தனிப்பெயர் வைத்துவிட்டார்; கடத்திச் செல்ல யாரும் விரும்பாத அளவுக்கு அது அழகற்ற சொல் என்பதே அவர் சொன்ன காரணம். கான்ட்டின் மொழியில் ‘பிராக்டிஷ்’, ‘பிராக்மாடிஷ்’ என்ற இரண்டும் இரு துருவங்களைப் போல விலகியவை என்று அவர் அப்போது வற்புறுத்தியதை, இந்தச் சொற்களை மொழிபெயர்ப்பவர் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வாறு வெளிநாட்டில் புதுப்பொருள் பெற்ற சொல்லைக் கிரேக்கம் மீண்டும் இரவல் வாங்கி, ‘பிரக்மத்திஸ்மோஸ்’ என்ற பெயர்ச்சொல்லையும் ‘பிரக்மத்திஸ்திக்கோஸ்’ என்ற பெயரடையையும் ஆக்கிக்கொண்டது. நடுவில் நுழைந்த அந்த ‘ஸ்த்’ என்ற ஒலிதான் ‘உண்மையான’ என்பதையும் ‘நடைமுறை நோக்குடைய’ என்பதையும் பிரிக்கும் வேலி. தத்துவக் கட்டுரையில் இதைத் தவிர வேறு தேர்வுக்கு இடமில்லை. அரசியல் கட்டுரையில் ‘ரெயலிஸ்திக்கோஸ்’ என்ற சொல் போட்டிக்கு வரும். பத்திரிகைகளில் அதுவே இயல்பாகவும் ஒலிக்கும். எனினும் ஆங்கில மூலம் ரியலிஸ்ட் என்பவரையும் பிராக்மாடிஸ்ட் என்பவரையும் வேறுபடுத்திப் பேசினால், ரெயலிஸ்திக்கோஸ் அந்த வேறுபாட்டை அழித்துவிடும். முன்னவர் உலகம் எப்படி இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுப்பவர். பின்னவர் எது பலிக்கும் என்பதைச் சோதித்துப் பார்ப்பவர். ஒரேயொரு விலக்கு உண்டு: ஆறாம் சார்லஸ் பேரரசர் 1713இல் பிறப்பித்த வாரிசுரிமை ஆணையைக் கிரேக்க வரலாற்று நூல்கள் பிரக்மத்திக்கோஸ் என்ற பெயரடையோடுதான் குறிப்பிடுகின்றன. அரச அலுவல் சார்ந்தது என்ற பழைய பொருள் அங்கே உறைந்து நிற்கிறது. அதைத் திருத்தப் புகுவது தவறு. மொழியியலில், சூழலைக் கொண்டு பேச்சின் பொருளை ஆராயும் ‘பிராக்மாடிக்ஸ்’ என்ற துறைக்கோ ‘பிரக்மத்தொலொயீயா’ என்ற தனிச்சொல் நிலைத்துவிட்டது.

பிரக்மா என்ற சொல்லின் வேறொரு கிளையையும் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. ‘பிரக்மத்தீயா’ என்றால் ஆய்வுரை. அதே சொல் மக்கள் வாயில் தேய்ந்து ‘பிரமத்தியா’ ஆனபோது, ஊர் ஊராகச் சுமந்து விற்கும் சரக்கைக் குறித்தது. அதை விற்பவர் ‘பிரமத்தெஃப்தீஸ்’, நாட்டுப்பாடல்களில் வரும் தலைச்சுமை வணிகர். அறிஞர் வழக்கு ஒரு பக்கமும் மக்கள் வழக்கு ஒரு பக்கமுமாக ஒரே சொல் இரண்டாகப் பிரிவது கிரேக்கத்தில் அடிக்கடி நடந்திருக்கிறது. தமிழில் ‘பொருள்’ என்ற ஒரே சொல் சரக்கையும் செல்வத்தையும் சொற்பொருளையும் மெய்ப்பொருளையும் தாங்குவதை அறிந்த நமக்கு, பிரக்மா நடந்த பாதை அந்நியமாகத் தெரியாது.

அடுத்த கூட்டம் இயலுமா, இயலாதா என்பதைப் பற்றியது: ஃபீசிபிள், பிராக்டிகபிள், வொர்க்கபிள். ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் ‘ஏபிள்’, ‘இபிள்’ என்ற ஒரே வகை விகுதியை ஒட்டிவிடும். கிரேக்கத்தில் ‘தோஸ்’ என்றும் ‘சிமோஸ்’ என்றும் இரண்டு விகுதிகள் இருக்கின்றன. ‘தினத்தோஸ்’ என்றால் முடியக்கூடியது. ‘எஃபிக்தோஸ்’ என்றால் எட்டக்கூடியது. கை நீட்டித் தொடுதல் என்ற படிமம் அதன் வேரிலேயே இருக்கிறது. ‘எஃபர்மோசிமோஸ்’ என்றால் நடைமுறைப்படுத்தத் தக்கது. ‘இலொப்பியீசிமோஸ்’ என்றால் உருக்கொடுக்கத் தக்கது. அரசியல் என்பது இயன்றதைச் செய்யும் கலை என்று பிஸ்மார்க் பெயரில் வழங்கும் கூற்றைக் கிரேக்கர்கள் தினத்தோஸ் கொண்டு சொல்வதில்லை, எஃபிக்தோஸ் கொண்டே சொல்கிறார்கள். நம் ‘எட்டாக்கனி’ என்ற உவமையின் மறுபக்கமாக அதை எண்ணிக்கொண்டால், இரண்டுக்குமான நுண்ணிய இடைவெளி விளங்கும்: உலகில் எங்கோ இயல்வது தினத்தோஸ், நம் கைக்கு எட்டுவது எஃபிக்தோஸ்.

ஆனால் சட்ட வாசகங்களில் இந்த இடைவெளியை எல்லோரும் பேணுவதில்லை. கிரேக்கம் 1981ஆம் ஆண்டின் முதல் நாளில் இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்ததிலிருந்து, அந்த அமைப்பின் சட்டங்கள் கிரேக்கத்திலும் அதே வலிமையோடு வெளியாகின்றன. 2016இல் நிறைவேறிய பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 33ஆம் பிரிவு, தரவுக் கசிவை ‘ஃபீசிபிள்’ ஆனால் 72 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. கிரேக்க வாசகமோ தினத்தோஸ் என்ற எளிய சொல்லால் ‘முடியுமானால்’ என்று முடித்துக்கொள்கிறது. பொருள் கெடவில்லை என்பது உண்மைதான். இருந்தாலும், எஃபிக்தோஸ் அங்கே இருந்திருந்தால், நிறுவனத்தின் கைக்கு எட்டும் அளவில் என்ற குறிப்பு இன்னும் துல்லியமாக வந்திருக்கும் என்பது என் கருத்து.

துல்லியம் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்புச் சட்டமே சான்று. 1974ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், முதலாளியின் கடமைகளை ‘நியாயமான அளவில் பிராக்டிகபிள்’ என்ற வரம்புக்குள் வைத்தது. இந்தத் தொடர் ‘பௌதிக அளவில் இயன்றது’ என்பதைவிடக் குறுகியது என்றும், ஆபத்தின் அளவை ஒரு தட்டிலும் அதைத் தவிர்க்க ஆகும் செலவு, நேரம், சிரமம் ஆகியவற்றை மறு தட்டிலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் 1949லேயே ஒரு சுரங்கத் தொழிலாளியின் மரண வழக்கில் ஆங்கில நீதிமன்றம் விளக்கியிருந்தது. அந்த வரம்பு ஐரோப்பிய விதிக்கு முரணானது என்று ஐரோப்பிய ஆணையம் தொடுத்த வழக்கை 2007இல் ஐரோப்பிய நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இத்தகைய தொடரைக் கிரேக்கத்தில் எழுதுபவர் தினத்தோஸ் என்று எழுதினால், அந்த 1949ஆம் ஆண்டு விளக்கம் விலக்கிய பொருளையே திரும்பக் கொண்டுவந்தவராவார். எஃபிக்தோஸ் என்பதோடு ‘நியாயமான அளவில்’ என்ற பொருளுடைய ‘எவ்லொகோஸ்’ என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். எஃபர்மோசிமோஸ் இங்கே பொருந்தாது. அது விதியையோ முறையையோ நடைமுறைப்படுத்த முடியுமா என்று கேட்கும் சொல், செலவையும் ஆபத்தையும் எடைபோடும் சொல்லாகாது.

திட்ட அறிக்கைகளில் வரும் ‘ஃபீசிபிலிட்டி ஸ்டடி’ என்பதற்கு நாம் சாத்தியக்கூறு ஆய்வு என்கிறோம். கிரேக்கத்தில் எஃபிக்தோஸ் வழியாக ஒரு சொல்லாக்கம் இருந்தாலும், பொறியாளர்களும் அரசு அலுவலகங்களும் பெரும்பாலும் சொல்வது ‘மெலெத்தி ஸ்கொப்பிமோத்தித்தாஸ்’ என்றே. இதன் நேர்ப்பொருள், நோக்கத்துக்கு உகந்ததா என்ற ஆய்வு. செய்ய முடியுமா என்ற கேள்வியைச் செய்யத் தகுமா என்ற கேள்வியாக அது மாற்றிவிடுகிறது. உண்மையில் அப்படிப்பட்ட அறிக்கைகள் இரண்டையுமே ஆராய்வதால் இந்தப் பெயர் நிலைத்துப்போனதில் வியப்பில்லை. ஆனால் அதே சொல் அரசியலில் ‘சுயலாபக் கணக்கு’ என்ற கசந்த பொருளையும் பெற்றிருக்கிறது. ஒரு நியமனம் அரசியல் ‘ஸ்கொப்பிமோத்தித்தா’ காரணமாக நடந்தது என்றால், நேர்மையாக நடக்கவில்லை என்றே பொருள். எனவே திட்ட அறிக்கையின் தலைப்பில் அந்தத் தொடரை எழுதத் தயங்க வேண்டியதில்லை. வாக்கியத்தின் நடுவே ‘திட்டத்தின் ஃபீசிபிலிட்டி’ என்று தனியே வந்தால், எஃபிக்தோஸ் என்ற பெயரடையைக் கொண்டு வாக்கியத்தை மாற்றி எழுதுவதையே நான் விரும்புவேன்.

வயபிள், அதாவது பிழைத்து நிற்கக்கூடியது என்பதற்கு ‘வியோசிமோஸ்’ என்பது கண்ணாடியில் பார்த்தது போன்ற நேரிணை. பிரெஞ்சு வழியாக வந்த ஆங்கிலச் சொல்லில் உயிர் வாழ்தல் இருக்கிறது. கிரேக்கச் சொல்லிலும் ‘வியோஸ்’, அதாவது வாழ்வு, இருக்கிறது. சோஃபக்ளீஸின் நாடகத்தில், அந்திகோனி இறந்த பின் தனக்கு வாழத் தக்கதாக என்ன இருக்கும் என்று அவள் தங்கை இஸ்மீனி கேட்கும்போது இந்தச் சொல்லே அவள் வாயில் வருகிறது. இன்று அது வணிக நிறுவனத்துக்கும் கருவிலிருக்கும் சிசுவுக்கும் பொருந்தும். சிக்கல், அதே சொல் ‘சஸ்டெய்னபிள்’, அதாவது நீடித்துத் தாங்கத் தக்கது என்பதற்கும் பயன்படுவதில்தான் எழுகிறது. 2010இல் தொடங்கி 2018 ஆகஸ்டில் முடிந்த கடன் திட்டங்களின் காலமெல்லாம், கிரேக்கத்தின் பொதுக்கடன் தாங்கத் தக்கதா என்ற கேள்வி செய்தி அறிக்கைகளில் வியோசிமோஸ் என்ற சொல்லாலேயே கேட்கப்பட்டது. கடனைப் பற்றிப் பேசும்போது இனி அதை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். சுற்றுச்சூழல் பேச்சிலோ ‘அயிஃபோரோஸ்’, அதாவது ‘என்றும் விளைவு தருவது’ என்ற வேறு சொல் இருக்கிறது. 2001இல் திருத்தப்பட்ட கிரேக்க அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு இந்தச் சொல்லின் பெயர்ச்சொல் வடிவத்தையே ஒரு கொள்கையாக ஏற்றிருக்கிறது. ஒரே ஆங்கில வாக்கியம் ‘வயபிள் அண்ட் சஸ்டெய்னபிள்’ என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டால், முதலாவதற்கு வியோசிமோஸ், இரண்டாவதற்கு அயிஃபோரோஸ் என்று பங்கிட்டுக் கொடுப்பதைத் தவிர வழியில்லை.

கைக்கு உதவும் பொருள்களைப் பற்றிய சொற்களுக்கு வந்தால், ‘ஹேண்டி’ என்பதில் நிற்காமல் செல்ல முடியாது. ஆங்கிலச் சொல்லில் கை இருக்கிறது. கிரேக்கத்தின் ‘ப்ரோஹிரோஸ்’ என்பதிலும் ‘கைக்கு முன்னே’ என்ற பொருள் இருக்கிறது. வானியலார் டாலமி தம் பெரிய நூலிலிருந்து கணக்கிடுவோருக்கு வசதியாகத் தொகுத்த அட்டவணைகளுக்கு இந்தச் சொல்லையே தலைப்பாக்கினார். ஆங்கிலத்தில் அவை ‘ஹேண்டி’ அட்டவணைகள் என்றே பெயர் பெற்றன. தெசலோனிக்கி நகரத்து நீதிபதி கான்ஸ்டன்டைன் ஆர்மெனோபுலோஸ் 1345இல் தொகுத்த ஆறு பாகச் சட்ட நூலின் பெயரிலும் அந்தச் சொல் இருந்தது. நீதிபதியின் கையருகே இருக்க வேண்டிய கையேடு என்ற அந்தத் தொகுப்பு, விடுதலை பெற்ற கிரேக்க நாட்டிலும் 1946இல் புதிய குடிமைச் சட்டம் நடைமுறைக்கு வரும் வரை குடிமை வழக்குகளுக்கு ஆதாரமாக இருந்தது. இவ்வளவு பெருமையுள்ள சொல் இன்று தரம் இறங்கிவிட்டது. இன்றைய கிரேக்கத்தில் ப்ரோஹிரோஸ் என்றால் அவசரத்தில் செய்தது, தற்காலிகமானது, கரடுமுரடானது. மாணவரின் கரடுப் பிரதியும், மின்னஞ்சலில் அனுப்பாமல் சேமித்த வரைவும் அந்தப் பெயரையே பெறுகின்றன. ஒரு கருவியை ஹேண்டி என்று ஆங்கிலம் புகழும் இடத்தில் இந்தச் சொல்லை இட்டால், ஒப்புக்குச் செய்த பொருள் என்று வாங்குபவர் எண்ணுவார். கையாள எளிது என்றால் ‘எஃப்ஹ்ரிஸ்தோஸ்’. நமக்கு வசதியாக அமைந்தது என்றால் ‘வொலிக்கோஸ்’. பின்னதைக் கூட மனிதரைப் பற்றிப் பேசும்போது அளந்தே பயன்படுத்த வேண்டும். அதன் உறவுச் சொற்கள், செல்வாக்கால் நல்ல வேலையில் வசதியாக அமர்ந்துவிட்டவரைக் குறிக்கும் கசப்பைச் சுமக்கின்றன.

பயன் என்ற பொருள் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். உதவியாக இருப்பது ‘ஹ்ரிசிமோஸ்’. அழகுக்கு வைக்கப்படாமல் புழங்குவதற்கென ஆனது ‘ஹ்ரிஸ்திக்கோஸ்’. அருங்காட்சியகத்தில் சமையல் பானைகளையும் எண்ணெய்ச் சாடிகளையும் அலங்காரக் கலங்களிலிருந்து பிரித்துச் சொல்ல இதுவே சொல். 2014இல் ஏதென்ஸ் அக்காதெமி வெளியிட்ட பெரிய அகராதி, தன் தலைப்பில் பிரக்திக்கோஸ் என்று இடாமல் இதையே தேர்ந்துகொண்டது, பேச்சிலும் எழுத்திலும் சொற்கள் புழங்கும் விதத்தைக் காட்டுவது தன் பணி என்று அறிவிப்பதற்காகவே. ஒரேயோர் அசை குறைந்து ‘ஹ்ரிஸ்தோஸ்’ ஆனால் ஒழுக்கமுள்ள என்று பொருள் மாறிவிடும்; சட்டத்தில் ‘நல்லொழுக்கம்’ என்பதன் அடைமொழி அது. ஃபங்க்ஷனல் என்பதற்குரிய ‘லித்தூர்யிக்கோஸ்’ தேவாலய வழிபாட்டையும் சேர்த்தே குறிக்கும் என்றாலும், சமையலறையைப் பற்றியோ கணினியின் இயங்குதளத்தைப் பற்றியோ பேசும்போது யாரும் அதைக் குழப்பிக்கொள்வதில்லை.

எதிர்மறைச் சொல்லில்தான் தேர்வு மிகக் கடினமாகிறது. ‘இம்பிராக்டிகல்’ என்பதற்கு, முன்னொட்டை மட்டும் மாற்றி ‘அப்ரக்தோஸ்’ என்று ஆக்கத் தோன்றும். அப்படி ஒரு சொல் உண்மையிலேயே கிரேக்கத்தில் இருக்கிறது. ஆனால் அது போன காரியம் நடக்காமல் வெறுங்கையோடு திரும்பியவரைக் குறிப்பது. தூதர் அப்ரக்தோஸ் ஆகத் திரும்பினார் என்றால், பேச்சுவார்த்தை தோற்றது என்று பொருள். இன்னும் சற்றுத் திரிந்த ‘அப்ரகோஸ்’, அனுபவமற்ற இளையவர். ஆக, திட்டம் ஒன்று இம்பிராக்டிகல் என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தால், ஏன் அப்படி என்று மூலத்தைத் திரும்பப் படித்தாக வேண்டும். விதியாக எழுதலாம், நடைமுறைப்படுத்த இயலாது என்றால் ‘அனெஃபர்மோஸ்தோஸ்’. அடைய முடியாத இலக்கு என்றால் ‘அனெஃபிக்தோஸ்’, நம் எட்டாக்கனி. செய்தாலும் யாருக்கும் கையாள வசதிப்படாது என்றால் ‘தீஸ்ஹ்ரிஸ்தோஸ்’. சூழலையே கணக்கில் எடுக்காமல் போட்ட திட்டம் என்றால் ‘அனெதஃபிக்கோஸ்’, அதாவது தரையே இல்லாதது. தரையில் கால் பாவியவரைப் பாராட்டும் ‘ப்ரொஸ்யியொமெனோஸ்’ என்ற சொல்லுக்குச் சரியான மறுதலை அது. ஆங்கில மூலம் எந்தக் காரணத்தையும் சொல்லாமல் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிட்டால், ‘பிரக்திக்கோஸ் ஆக இல்லை’ என்று வினையை எதிர்மறையாக்கி, மூலத்தின் பொதுமையை அப்படியே காப்பாற்றுவதையே நான் தேர்வேன்.